நிழலர் கூட்டத்துப் பெண்ணை யார் ஆடுவது?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் திடீரென்று டைஸைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொள்கிறார். வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் கவனிக்கவுமில்லை. நீங்கள் மட்டும் பார்த்துவிட்டீர்கள். அடுத்து என்ன செய்வீர்கள்?

எந்த எண் விழுந்தால் என்ன பலன், ஆட்டத்தை எத்தனை மணி நேரத்துக்குள் முடிப்பது என்பதெல்லாம் கேம் மாஸ்டர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்துவிட்டார்கள். நான் இந்த ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறேன். பேசிப் பேசியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டு இந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது திருக்கழுக்குன்றத்தில் வீட்டோடு இருக்கிறேன். ஆகவே கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

நம் வேலையை வெளியாருக்குப் புரியவைப்பது சிரமம். நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் போர்வீரன், ஒருவர் வைத்தியச்சி, ஒருவர் படகோட்டி. கேம் மாஸ்டராகிய நாம் ஒரு கற்பனை நாட்டைச் சொல்கிறோம். "பாலத்தில் காவலன் நிற்கிறான், என்ன செய்கிறீர்கள்?" என்கிறோம். அவர்கள் செய்ய நினைப்பதைச் சொல்கிறார்கள். பலிக்குமா என்பதை டைஸ் சொல்கிறது. என் மேசைக்கு வந்துகொண்டிருந்த தில்லிபாபு என்னைக் கேம் மாஸ்டர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "கண்டக்டரக்கா" என்பான். "வண்டிய ஓட்றது நாங்க. நீ விசில் அடிக்கிறதோட சரி." அது உண்மைதான். விசிலை எப்போது அடிப்பது என்பதுதான் நம் வேலையே.

தில்லிபாபு அவனுடைய நிஜப் பெயர் இல்லை. இதை உங்களிடம் சொல்லலாமா என்று அவனிடம் கேட்டேன். "சொல்லு, பேர மட்டும் மாத்திடு" என்றான். இந்தப் பெயரையும் அவனே கொடுத்தான். மற்றவர்கள் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

அப்போது நான் மாமல்லபுரம் சாலையில் இருந்த ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தமிழிலேயே இந்த வகை ஆட்டங்களைத் தயாரித்தார்கள். புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அதை ஆட்களோடு ஆடிப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று சொல்வது என் பொறுப்பு. ஞாயிறு காலைகளில் செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அறையில் கூடுவோம். பால்கனியில் நின்றால் ஏரி தெரியும், ரயில் போவது தெரியும்.

மூன்று பேர் தவறாமல் வருவார்கள். தில்லிபாபு படாளம் பக்கத்துக்காரன், செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஹரி ஈரோட்டுப் பையன், ஓ.எம்.ஆரில் கணினி வேலை, திருப்போரூரில் வாடகைக்கு இருந்தான். ரேவதி அணுமின் நகரியத்தில் பொறியாளர், திருநெல்வேலிக்காரர். தில்லிக்கும் ஹரிக்கும் என் மேசையில்தான் பழக்கம். ஆனால் வீடுகள் வெவ்வேறு திசையில் இருந்தும் ஒரே வண்டியில் வந்து ஒரே வண்டியில் போகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் சொல்ல வந்த அந்த ஞாயிறு என்னிடம் வந்திருந்த புத்தகத்தின் பெயர் "ஏழு முகத்துவாரம்". ஏழு ஆறுகள் கடலில் கலக்கும் ஒரு கற்பனை நாடு. உப்பளங்கள், படகுகள், யாளிச் சவாரி, கலங்கரை விளக்கம் என்று கண்ணில் நிற்கும்படி எழுதியிருந்தார்கள். அதில் நிழலர் என்று ஒரு கூட்டம். பிறவியிலேயே திருடர்கள். பிள்ளை பிறந்ததும் முன்கையில் முத்திரை குத்திவிடுவார்கள். தினமும் பொழுது சாயும்போது பெரியவர்கள் எல்லோரும் காவல் சாவடிக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டு, விடியும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். "நிழலர் உண்மை பேசார். அவர்களைக் கொல்வது பாவமன்று" என்று விதிப் பகுதியில் ஒரு வரி. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. வெட்டினால் உறுத்தாத எதிரி ஆட்டத்துக்கு வேண்டும், அதற்கு ஒரு இனத்தையே செய்துவைத்துவிட்டார். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கல்லை யாரோ திருடிவிட்டார்கள். சூரியன் மறைவதற்குள் அது கிடைக்காவிட்டால், மீன்பிடிக்கப் போன படகுகள் திரும்பும்போது பாறையில் மோதிச் சிதறும். பாலத்தருகே ஒரு நிழலர் பெண் பிடிபடுகிறாள். ஹரி வீரன். ரேவதி வைத்தியச்சி. தில்லி படகோட்டி.

"மேடம், நேரமில்லைங்க. அவ கைய முறுக்கிக் கேக்கறேன். சொல்லலைன்னா விரல ஒடிக்கறேன்" என்றான் ஹரி. கொஞ்சம் தயங்கிவிட்டு, "புத்தகத்துலயே போட்டிருக்குதுங்களே, பொறப்புலயே திருடங்கன்னு. அப்பறம் என்ன?" என்றான்.

அவன் கொடூரன் இல்லை. படகுகளைக் காப்பாற்றத் துடித்தான். விதி அவனுக்கு வழிவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் தில்லி டைஸை வைத்தான். கைகளைக் கட்டிக்கொண்டான்.

நான் "டீ" என்றேன். என் மேசையில் அதுதான் விசில். காரணம் கேட்காமல் எல்லோரும் எழுந்துவிட வேண்டும். ஹரியும் ரேவதியும் கீழே கடைக்குப் போனார்கள். தில்லி பால்கனிக்குப் போனான்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "என்னப்பா ஆச்சு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடாதீர்கள். தனியாக இருக்கும்போதும் அது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. நான் அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "இந்தக் காட்சிய விட்டுட்டு வேற எடத்துக்குத் தாவிடலாம். இல்ல இன்னைக்கு இதோட முடிச்சிக்கலாம். நீ கிளம்புறதுனாலும் கிளம்பு. எதுக்கும் காரணம் சொல்ல வேணாம்" என்றேன்.

அப்படிச் சொல்வதற்கு எனக்கு முன்பே ஒரு பழக்கம் இருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து ஒரு பெண் ஆட வந்திருந்தார். ஆரம்பிக்குமுன் என்னை ஓரமாக அழைத்து, "கடல் பொங்கி உள்ள வர்ற மாதிரி எதுவும் வேணாங்க" என்றார். அன்றைய கதையின் உச்சமே வெள்ளம்தான். அதை அப்படியே மணற்புயலாக்கிவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கரையில் கேட்கத் தேவையும் இல்லை. அவர் வயிறு வலிக்கச் சிரித்து ஆடிவிட்டுப் போனார். எதிர்கொண்டால் மனசு லேசாகும் என்று அவருக்கு வைத்தியம் சொல்ல நாம் யார்? ஆகவே தில்லி "வேணாம்" என்றிருந்தால் அன்றைக்கு அதோடு விஷயம் முடிந்திருக்கும்.

ஆனால் அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தான்.

"எங்க தாத்தாவுக்கு இதே கதிதாங்கா. முத்திர இல்ல, கைநாட்டு. பொழுது சாஞ்சா ஸ்டேஷனுக்குப் போயி கைநாட்டு வெச்சிட்டு அங்கியே பட்த்துக்கணும். எங்க சனமே திருட்டு சனம்னு வெள்ளக்காரன் காலத்துல அப்டி ஒரு சட்டம் போட்டாங்களாம். கல்யாணத்தன்னிக்கும் ஸ்டேஷன் வெராந்தாலதான் பட்த்தாரு. ஆயா மட்டும் வூட்ல. சட்டம் போயி எத்தினியோ வருசம் ஆவுது. ஆனா நான் ஸ்கூல் படிக்கசொல்ல, கிளாஸ்ல பென்சில் காணாப்போனாலும் மொதல்ல என் பையதான் கொட்டுவாங்க."

"சரி தில்லி. இந்தக் காட்சிய எடுத்துடறேன்" என்றேன்.

"எடுக்காத." சட்டென்று திரும்பினான். "அந்தப் பொம்பளய நான் ஆட்றேன்."

பிடிபட்டவளாக அவன், விரலை ஒடிக்கிறவனாக அவன் நண்பன். விபரீதமாகப் போனால் என்ன செய்வது? இவன் ஹரியைப் பழிவாங்கப் போகிறானா? இல்லை, தன் காயத்தைத் தானே கிளறிக்கொள்ளப் போகிறானா? முகத்தைப் பார்த்தேன். கோபம் இருந்தது. ஆனால் அதைவிட, ஆட வேண்டும் என்கிற ஆசை இருந்தது. நல்ல ஆட்டக்காரனுக்கு நல்ல பாத்திரம் கண்ணில் படும்போது வருமே, அந்த ஆசை. அதை நம்பினேன்.

"ஹரிகிட்ட சொல்லிடட்டுமா?"

"வேணாங்கா. சொன்னா பாவம் பாத்துகினு ஆடுவான். எனுக்கு அந்தப் பாவம் வேணாம்."

"உன் கதைய சொல்லமாட்டேன். ஆனா அவன் கண்ணக் கட்டி உள்ள விடமாட்டேன். அவனும் என் மேசைக்கு வந்தவன்தான்."

யோசித்துவிட்டுத் தலையாட்டினான்.

எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் சொன்னேன். "இனிமே அந்தப் பெண்ணா தில்லி ஆடுவான். இந்தச் சாவடி, முத்திரை மாதிரி ஒண்ணு நம்ம நாட்டுல நெஜமாவே சட்டமா இருந்தது. அதனால விளையாட்டுதான்னாலும் கனமான விளையாட்டு. ஹரி, உங்க வீரன் என்ன பண்ணினாலும் அது வீரன் பண்ணினது. அடி உதை வந்தா நடந்ததுன்னு மட்டும் சொல்லுவோம், எப்படின்னு விவரிக்கமாட்டோம். யார் கைய உயர்த்தினாலும் நிறுத்திடுவேன். வேணாம்னா இப்பவே சொல்லலாம்."

ஹரி தில்லியைப் பார்த்தான். தில்லி கண் சிமிட்டினான். "ஆடலாமுங்க" என்றான் ஹரி.

"ஒளிக்கல் எங்க?" வீரனின் குரலில் அதட்டினான்.

தில்லி தோள்களைக் குறுக்கிக்கொண்டான். பாதி ஆளாகிவிட்டான். "எஜமான், பொழுது சாயப்போவுது. நான் சாவடிக்குப் போயி பேரு குடுக்கணும். லேட்டானா என் புள்ளைய அட்ச்சிடுவாங்கோ. பேரு குட்த்துட்டு வந்துடறேன், அப்பால கேளு."

"தப்பிச்சுப் போகப் பாக்கறியா? நிழலர் பொய்தான் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும்."

"ஆமா எஜமான், பொய்தான் பேசுவோம். நெசம் சொன்னா எவன் நம்பறான்?"

ரேவதி சிரித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஹரி டைஸைக் கையில் எடுத்தான். உருட்டினால் கையை முறுக்குவது பலிக்கும், அவன் வீரனுக்கு அவ்வளவு பலம். உருட்டவில்லை. உள்ளங்கையிலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் அவசரப்படுத்தவில்லை. இளம் கேம் மாஸ்டர்கள் இந்த மாதிரி மௌனத்தில் பயந்துபோய் எதையாவது பேசிவிடுவார்கள். பேசாதீர்கள். அந்த நேரம் ஆட்டக்காரனுடையது.

"உன் பேரென்ன?" என்று கேட்டான் ஹரி.

தில்லி என்னைப் பார்த்தான். நான் புத்தகத்தைப் பார்த்தேன். அந்த நாட்டில் குதிரைக்குக்கூடப் பெயர் வைத்திருந்தார்கள். இவளுக்கு இல்லை. நிழலரில் ஒருவருக்கும் இல்லை.

"அஞ்சல" என்றான் தில்லி மெதுவாக.

"சரி அஞ்சலை. நானும் சாவடிக்கு வர்றேன். நீ பேர் குடு. உன் பிள்ளைய யாரும் தொடாம நான் பாத்துக்கறேன். அப்பறம் சேந்து தேடலாம்."

சாவடிக்குப் போனார்கள். அங்கே அதிகாரியாக நான் பேசினேன். சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருக்கிறது, கல் கிடைக்கவில்லை, தொலைவில் பாய்மரங்கள் தெரிகின்றன என்று சொன்னேன்.

விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்த ரேவதி கேட்டார். "சாவடி வெராந்தாவுல இப்ப எத்தன பேரு இருக்காங்க?"

"ஊர்ல இருக்குற நிழலர் பூரா. ஆணும் பொண்ணும்."

"கல்லு எதுக்கு? வெளிச்சம்தான வேணும். இவங்க கையில ஆளுக்கொரு தீப்பந்தத்தக் குடுத்துப் பாறை நெடுக நிக்கச் சொன்னா, படகுக்குப் பாறை எதுன்னு தெரிஞ்சிருமே."

ஹரி துள்ளி எழுந்துவிட்டான். அதிகாரியிடம் நிழலர்களை வெளியே விடச் சொன்னான். நான் டைஸ் உருட்டச் சொன்னேன். உருட்டினான். படுமோசமான எண். மேசை முழுக்க "அய்யோ" என்றது.

விழுந்த எண்ணை மாற்றக் கூடாது என்பது என் பிடிவாதம். அதனால் அதிகாரி மறுத்தான். "முத்திரை குத்துனவன் அந்திக்கு மேல வெளிய போகக் கூடாது. போறதுன்னா வீரரே, ஒவ்வொருத்தனுக்கும் நீங்க ஜாமீன் நிக்கணும். ஒருத்தன் ஓடினாலும் உங்க வாள் எங்களுது, உங்க பட்டம் போச்சு."

வேறு வேறு புத்தகங்களில் பல மாதங்கள் ஆடி வளர்த்த பாத்திரம் அது. ஹரி அந்த வாளுக்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தான். தில்லியைத் திரும்பிப் பார்த்தான். "அஞ்சலை, ஓடிருவாங்களா?"

"ஓடலாம் எஜமான். நானா இருந்தா ஓடுவேன்" என்றாள் அஞ்சலை. தில்லி அதை அவ்வளவு நேர்மையாகச் சொன்னான்.

"பரவால்ல" என்றான் ஹரி. "எல்லாத்துக்கும் நான் ஜாமீன்."

பாறைகள் நெடுக நெருப்பு நின்றது. படகுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. சிலர் ஓடிப்போனார்கள் என்றும் சொன்னேன். அது அஞ்சலை சொன்ன உண்மைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை என்று எனக்குத் தோன்றியது. வீரனின் வாள் போயிற்று. ஒளிக்கல்லை யார் எடுத்தார்கள் என்று அந்த மேசையில் கடைசிவரை தெரியவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் ஹரி என்னிடம் வந்தான். "மேடம், அது தில்லி வீட்டுக் கதைங்களா?"

"அவனத்தான் கேக்கணும்" என்றேன்.

கீழே வண்டியருகே அவர்கள் பேசியது படியில் நின்ற என் காதில் விழுந்தது. ஹரிதான் முதலில் பேசினான். "இத்தன நாளா ஒண்ணா வர்றோம். ஒரு வார்த்த சொன்னதில்லையேப்பா. நான் பாட்டுக்கு விரல ஒடிக்கறேன்னு சொல்லிட்டிருந்தேன்."

"இன்னான்னு சொல்றது மச்சான்? நீ வண்டி ஓட்டசொல்ல, லெஃப்ட்ல திரும்பு, அப்டியே எங்க தாத்தன ஸ்டேஷன்ல பட்க்க வெச்சாங்கோன்னா?"

ஹரி சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். பிறகு இருவரும் வெகுநேரம் வெயிலில் நின்று பேசினார்கள். நான் மறுபடி மேலே வந்துவிட்டேன். அது என் மேசை இல்லை.

ஆனால் நெருக்கடி அதோடு தீரவில்லை. மறுநாள் அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன், தில்லியின் பெயரை விட்டுவிட்டு. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"மேடம், அச்சுக்குப் போற நேரத்துல எதுக்கு இந்தப் பேஜாரு? நிழலர தூக்கிடுங்க. சாவடி, முத்திரை எல்லாத்தையும் தூக்கிடுங்க. மீன் பிடிச்சோமா, பூதத்த வெட்டினோமான்னு ஜாலியா இருக்கட்டும்."

எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது. ஒரு வாரத்தில் முடிந்துவிடும் வேலை. ஆனாலும் தில்லியிடம் போனில் கேட்டேன்.

"இன்னாக்கா, திருடன்னு போட்டுகினு இருந்தீங்கோ, இப்ப ஆளே இல்லன்னு போடப்போறீங்களா?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னான்.

முதலாளியிடம் திரும்பிப் போனேன். முத்திரையும் சாவடியும் இருக்கட்டும், ஆனால் அது நிழலரின் இயல்பு இல்லை, அரசன் போட்ட சட்டம் என்று எழுதுவோம் என்றேன். கொல்வது பாவமில்லை என்கிற வரி விதிப் பகுதியில் இருக்கக் கூடாது, அரசனின் ஆணையில் இருக்கட்டும், அதை நம்புவதா மறுப்பதா என்று ஆடுகிறவர் முடிவு செய்யட்டும். நிழலருக்குப் பெயர் வேண்டும், பாட்டு வேண்டும், அவர்களில் நல்லவனும் கயவனும் வேண்டும். நிழலராகவே ஆட விரும்புகிறவர் ஆடலாம்.

"கெட்டவங்களே இல்லாம எப்படி மேடம் ஆடறது?"

"இருக்காங்களே. சட்டம் போட்டவன் இருக்கான். சாவடி அதிகாரி இருக்கான். கல்லத் திருடினவன் வேற இருக்கான்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "எழுதுங்க" என்றார். அந்த வருடப் புத்தகக் காட்சிக்குள் வேலை முடியவில்லை. என்மீது அவருக்கு வருத்தம்தான். ஆனால் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டார். அந்த மனிதரை அதற்காக இன்றைக்கும் மதிக்கிறேன்.

புத்தகம் வந்தபிறகு மாமல்லபுரத்தில் ஒரு விடுதிக் கூடத்தில் பகல் முழுக்க ஆட்டங்கள் வைத்தோம். ஹரி முதன்முறையாகக் கேம் மாஸ்டராக ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தான். நகரியத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். அப்பாவின் பாத்திரம் சாவடிக்குத் தீ வைக்கக் கிளம்பியது. உள்ளே ஆட்கள் இருக்கிறார்களே என்று மகள் பதறினாள். ஹரி டைஸை உருட்டச் சொல்லவில்லை. "டீ" என்றான். பிறகு அந்தச் சிறுமியின் பக்கத்தில் குனிந்து ஏதோ கேட்டான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். நான் நகர்ந்துவிட்டேன். அங்கே நான் தேவைப்படவில்லை.

அடுத்த மேசையில் தில்லி. ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு. அவனுக்காகத்தானே நிழலரில் அத்தனை அழகான பாத்திரங்கள் எழுதினோம். பாணன், படகு கட்டுகிறவள், சாவடியை உடைக்கும் தலைவி. அந்தப் பாத்திரங்களின் அட்டைகளை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் பரப்பினேன்.

"இதுல எது வேணும் தில்லி?"

ஒவ்வொன்றாகப் பார்த்தான். "சூப்பரா கீதுக்கா" என்றான். நிஜமான சந்தோஷம்தான். பிறகு எல்லாவற்றையும் அடுக்கி, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பெண்ணிடம் நகர்த்தினான்.

"இவங்க ஆடட்டும். எப்பப் பாத்தாலும் நானே அழுதுகினு இருக்கணுமா?" என்று சொல்லிவிட்டு, டைஸைக் குலுக்கி, கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"எனுக்கு இன்னிக்கு யாளி மேல ஏறணும்!"